மெனு வேண்டாம்

முக்கால்வாசி தூரம் ஓடி வந்த பச்சைக் கோடு வீடியோ கடையின் கம்ப்யூட்டர் திரையில் அப்படியே நின்றுவிட்டது. சுமலதா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"நின்னுடுச்சாண்ணா?"

"நிக்கலம்மா. உள்ள எழுதிட்டுத்தான் இருக்கு. அவசரப்பட்டு வெளிய எடுத்தா டிஸ்கு பாழ்" என்றார் தீர்த்தகிரி. மூக்கண்டப்பள்ளியில் கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எதுவானாலும் வீடியோ எடுக்க அவர்தான் வருவார்.

ஏற்கெனவே ஒரு டிஸ்க் பாழாகியிருந்தது. தாய்மாமா முனிராஜ் தன் கம்பெனியில் யாரையோ பிடித்து ஒன்று போட்டுக்கொண்டு வந்தார். வீட்டிலிருந்த டிவிடி பிளேயர் அதைக் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே டிஸ்க்கே இல்லை என்று சொல்லிவிட்டது.

"போன்ல இருக்கறத அப்படியே தூக்கிப் போட்டிருப்பாங்க. கம்ப்யூட்டருக்கு அது போதும். உங்க பழைய பிளேயருக்குப் புரியாது. டிவிடியா மாத்தி எழுதி, கடைசில டிஸ்க மூடணும். மூடலன்னா எங்க போட்டாலும் ஓடாது."

டிரைவ் உறுமியது. கோடு மறுபடி நகர்ந்தது.

அந்த டிஸ்க்கில் பேசப்போவது அவளுடைய தம்பி கோபி. மாசி மாதத்தில் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வரும்போது நெடுஞ்சாலையில் லாரி மோதிச் செத்துப்போன கோபி.

அம்மாவுக்கு மட்டும் அது தெரியாது.

அன்றைக்கு அம்மா கெம்பம்மா பெங்களூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து தைத்த நிலையில் கிடந்தாள். அதிர்ச்சி கூடாது என்றார் டாக்டர். "பூனா பிளான்ட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு சொல்லுவோம். தேறி வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அப்பா கோவிந்தப்பன். அம்மா தேறவில்லை. பொய் மட்டும் தேறி, வளர்ந்து, வீட்டில் நாலாவது ஆளாக நடமாடத் தொடங்கியது. எல்லோருக்கும் விஷயம் தெரிந்த மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு, யாருக்கும் தெரியாத தொரப்பள்ளியில் வாடகைக்குப் போனார்கள். கோபியின் படத்துக்கு விளக்கு வைக்கவில்லை. யாரும் வாய்விட்டு அழவில்லை. அம்மா போன் கேட்டால், "கம்பெனிக்குள்ள போன் விடமாட்டாங்கம்மா."

இந்த வாரம் அம்மா கஞ்சியையும் நிறுத்திவிட்டாள். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியும் கைவிரித்துவிட்டது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எம் புள்ள மொகத்த ஒருவாட்டி காட்டுங்க."

போனில் காட்டினால் அம்மா திருப்பிப் பேசுவாள். பதில் வராது. டிஸ்க் என்றால் அந்த வம்பு இல்லை. கோபி பேசிப் பதிந்து கூரியரில் அனுப்பியிருக்கிறான் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் டிரெயினிங்குக்காக அவன் நிஜமாகவே பூனா போயிருந்தபோது அனுப்பிய வீடியோக்கள் சுமலதாவின் போனில் இருந்தன.

இதில் எதையும் அவள் தீர்த்தகிரியிடம் சொல்லவில்லை. பெற்றவளிடமே மறைத்து வைத்திருக்கிறோம் என்று வெளியாளிடம் எந்த வாயால் சொல்வது? "தம்பி பேசுனது. டிவில ஓடற மாதிரி வேணும்ண்ணா" என்றாள். அவர் தலையாட்டினார். அவனுடைய சாவுக்கும் கேமரா தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான்.

போன் அடித்தது. முனிராஜ் மாமா.

"சுமா, எங்க இருக்க? அக்காவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. கூரியர் வந்துச்சா வந்துச்சான்னு கேட்டுக்கினே கெடக்குது."

டிரைவ் திறந்து, சூடான டிஸ்க்கை வெளியே நீட்டியது.

"ஒருவாட்டி போட்டுப் பாத்துட்டு எடுத்துட்டுப் போம்மா" என்றார் தீர்த்தகிரி.

"நேரமில்லண்ணா."

வண்டியைக் கிளப்பிக்கொண்டு பறந்தாள்.

*

முனிராஜ் தலையணைகளை முட்டுக்கொடுத்து அக்காவை நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார். கட்டிலுக்கு நேர் எதிரே டிவி. கோவிந்தப்பன் வாசற்படியிலேயே நின்றார். கொஞ்ச நாளாக அவர் எந்த அறைக்குள்ளும் முழுசாக வருவதில்லை.

"கூரியர் வந்துடுச்சாடி?"

"வந்துடுச்சும்மா."

"பாரு முனிராசு, பூனாவுலேர்ந்து எவ்ளோ சீக்கிரம் வந்துடுச்சு. நம்ம ரேஷன் கார்டு ஓசூர்லேர்ந்து ஓசூருக்கு வர்றதுக்கு வருசமாச்சு."

முனிராஜ் சிரித்தார். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிளேயர் டிஸ்க்கை விழுங்கியது. திரை நீலமானது. இந்த முறை எடுத்துக்கொண்டது.

முதலில் ஷெனாய் ஒலித்தது.

பிறகு படம் வந்தது. கோபியின் போட்டோ. அதைச் சுற்றி ரோஜா மாலை. இருபுறமும் குத்துவிளக்கு, சுடர் ஆடிக்கொண்டே இருந்தது. கீழே கண்ணீர் அஞ்சலி, பிறந்த தேதி, மறைந்த தேதி. எல்லாவற்றுக்கும் கீழே சின்னதாக ஒரு பட்டன், அதை அழுத்தினால்தான் வீடியோ ஓடும்.

செத்தவன் பேசிய வீடியோவை ஒரு குடும்பம் கொண்டுவந்தால் நினைவு டிஸ்க்குக்குத்தான் கேட்கிறார்கள் என்று தீர்த்தகிரிக்குத் தெரியும். அந்த மெனுவுக்கு அவர் தனியாகக் காசுகூட வாங்குவதில்லை.

சுமலதா பாய்ந்து டிவியின் முன்னால் நின்றாள். முதுகுக்குப் பின்னால் ஷெனாய் நிற்கவில்லை. ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. ரிமோட் கட்டிலின் மேல், அம்மாவின் காலருகே கிடந்தது.

"என்னடி பண்ணி வெச்சிருக்க..." என்றார் கோவிந்தப்பன்.

முனிராஜ் பிளக்கைப் பிடுங்கக் குனிந்தார்.

"முனிராசு. கை வெக்காத."

அவர் கை அப்படியே நின்றது.

"நவுரு சுமா."

"அம்மா, அது வந்து, கடக்காரரு தெரியாம..."

"நவுருடி."

நகர்ந்தாள்.

கெம்பம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. மாலைக்கு எழுத்து வேண்டியதில்லை. அவள் இமைக்காமல் பார்த்தாள். விளக்குச் சுடர் ஆடியது, ஆடியது, ஒரு வெட்டு வெட்டி மறுபடி ஆடியது.

"எப்ப?"

சுமலதா அப்பாவைப் பார்த்தாள்.

"எப்பன்னு கேட்டேன்."

"நீ ஆஸ்பத்திரில இருந்தப்போ" என்றார் கோவிந்தப்பன். "வண்டில வர்றப்போ. மாசில."

அவள் கணக்குப் போடுவது போல் உதட்டை அசைத்தாள்.

"உகாதிக்கு அவனுக்குச் சட்ட எடுத்து அனுப்புன்னேன். எடுத்தேன்னு சொன்னியே சுமா?"

"எடுத்தேம்மா."

"எங்க அது?"

"பீரோல இருக்குது."

ஷெனாய் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. கெம்பம்மா சொன்னாள்: "ஓட்டு."

சுமலதா பட்டனை அழுத்தினாள். மாலை மறைந்தது. நீல யூனிஃபார்மில், ஒரு ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான் கோபி. "யம்மா, சாப்டியா? இங்க சப்பாத்தி சப்பாத்தின்னு போட்டுக் கொல்றானுங்க. களி கெடைக்குமான்னு கேட்டா என்ன மேலயும் கீழயும் பாக்குறான். மாத்தர போட்டியா? அப்பாகூட மல்லுக்கு நிக்காத, என்னா? வந்துடறேன்." போனை நிறுத்தக் கையை நீட்டினான். வீடியோ முடிந்தது.

முடிந்ததும் பிளேயர் மெனுவுக்குத் திரும்பியது. அதே மாலை. அதே ஷெனாய்.

"நிறுத்து. இது எப்பவோ பேசுனது. அப்ப மீச இல்ல அவனுக்கு." கெம்பம்மா மூச்சு வாங்கினாள். "எடுத்த அன்னிக்கு வீடியோ புடிச்சாங்களா?"

"எதம்மா?"

"பொணத்த எடுத்த அன்னிக்கு."

"வேணாம் கெம்பா" என்றார் கோவிந்தப்பன். "உன்னால தாங்க முடியாது."

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மகளைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நீங்கல்லாம் பாத்தீங்க இல்ல? பெத்தவ நான் பாக்கல. போய் போட்டுக்கினு வாடி. நான் இருக்கறதுக்குள்ள."

*

விஷயத்தைக் கேட்டதும் தீர்த்தகிரி மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"நான் சொல்லல. உங்கமேல தப்பில்ல."

சாவு வீடியோ அவருடைய ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே இருந்தது. கோவிந்தப்பன் வாங்கிக்கொள்ள வரவே இல்லை. அவரும் டிஸ்க் போடவில்லை.

"முழுசும் மாத்தி எழுதறதுன்னா நேரம் புடிக்கும்மா."

"வாய்க்கரிசி போடறதுலேர்ந்து எடுத்துக்கினு போற வரைக்கும் போதும்ண்ணா. மொகம் தெரியற எடம்."

அந்த இடத்தைத் தேடி அவள் பார்த்தே ஆகவேண்டியிருந்தது. தலையையும் ஒரு கன்னத்தையும் துணியால் சுற்றியிருந்தார்கள். அரிசி போடுவதற்காக முனிராஜ் மாமா துணியை விலக்குகிறார். அப்போதுதான் முகம் தெரிகிறது. வரிசையாக அரிசி விழுகிறது. கேமராவுக்கு வெளியே ஏதோ ஒரு கிழவியின் குரல்: "ஏம்பா, அம்மாக்காரி எங்க? அவ போட வேணாமா?" அப்பாவின் குரல்: "அவ வரமாட்டா."

தீர்த்தகிரி வீடியோவை நிறுத்தினார்.

"இந்தக் குரல மட்டும் எடுத்துடட்டுமா?"

"வேணாம்ண்ணா. இருக்கட்டும்."

"முன்னாடி மெனு..."

"மெனு வேணாம். போட்டதும் ஓடணும்."

இந்த முறை அவள் போட்டுப் பார்க்காமல் கிளம்பவில்லை.

*

வெளிச்சம் மங்கும் நேரத்துக்கு வீடு வந்தாள். அம்மாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. கண் மட்டும் டிவியில் இருந்தது.

டிஸ்க் போட்டதும் ஓடியது.

கெம்பம்மா அழவில்லை. வரிசையில் யார் யார் வருகிறார்கள் என்று பார்த்தாள். "உங்க சித்தப்பனா அது? எளச்சிட்டான்" என்றாள். துணி விலகியது. முகம் தெரிந்தது. அவள் கழுத்து முன்னால் நீண்டது. கிழவியின் குரல் கேட்டது. அம்மாக்காரி எங்க?

"நிறுத்து."

சுமலதா நிறுத்தினாள். திறந்த முகம் திரையில் அப்படியே நின்றது.

"அரிசி கொண்டா."

"அம்மா..."

"கொண்டாடி."

சமையலறையிலிருந்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாள். கெம்பம்மா வலக்கையில் ஒரு பிடி அள்ளினாள். கட்டிலுக்கும் டிவிக்கும் நடுவே நாலடி தூரம். கையை நீட்டினாள். கண்ணாடிக்குள் இருப்பவன் வாயில் எப்படிப் போடுவது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. மெல்லக் கையை இழுத்து மார்பின் மேல் வைத்துக்கொண்டாள். விரல்கள் மூடின.

"ஓட்டு."

பறை அதிர்ந்தது. பெண்களின் ஒப்பாரி டிவியிலிருந்து கிளம்பி அறையை நிறைத்தது. பாடை எழுந்தபோது வாசற்படியில் நின்ற கோவிந்தப்பன் சரிந்து உட்கார்ந்து, இத்தனை மாதம் அடக்கியதற்கெல்லாம் சேர்த்து, வாயைத் திறந்து அலறினார்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு நாராயணம்மா முந்தானையால் வாயைப் பொத்தியபடி ஓடி வந்தாள்.

"எப்பம்மா ஆச்சு?"

கட்டிலில் கெம்பம்மா கண்ணைத் திறந்தபடி அவளைப் பார்த்தாள். நாராயணம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். டிவியில் கூட்டம் தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது.

"அவன் பக்கத்துலயே எடம் பாருங்க" என்றாள் கெம்பம்மா தம்பியிடம். அன்றைக்கு அவள் பேசியதில் கடைசி அதுதான். புருஷன் பக்கத்தில் வந்து தண்ணீர் கொடுத்தபோது வாயைத் திறக்கவில்லை.

விடியும்போது இறந்திருந்தாள்.

*

குளிப்பாட்ட வந்த பெண்களுக்கு வலக்கையைப் பிரிக்க முடியவில்லை. நாராயணம்மா வெந்நீர் ஊற்றி ஊற்றி ஒவ்வொரு விரலாக நீட்டினாள். உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்த அரிசியைப் பார்த்ததும் பின்வாங்கினாள்.

"இன்னும் வாய்க்கரிசியே போடலையே. கைக்குள்ள எப்படி வந்துச்சு?"

சுமலதா ஒரு மணிகூடத் தரையில் விழாமல் வழித்தெடுத்து ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டாள்.

கோபியைப் புதைத்த மூக்கண்டப்பள்ளி இடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. மெயின் ரோட்டில் நிற்கும் வண்டிக்குப் பாடையைத் தூக்கும் நேரத்தில் அவள் முனிராஜிடம் வந்தாள்.

"பக்கத்துலதான வெட்டியிருக்காங்க மாமா?"

"கைக்கெட்டற தூரம்."

பொட்டலத்தை நீட்டினாள். அவர் பிரித்துப் பார்க்கவில்லை. என்னவென்றும் கேட்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குனிந்து, முன்பக்கத்துக் கழியைத் தோளில் ஏற்றினார்.

பறை முழங்கியது. தெருவில் கம்பெனி பஸ் ஒன்று ஒதுங்கி நின்று வழிவிட்டது. மேடும் பள்ளமுமான அந்தச் சாலையில் மற்றவர்கள் எல்லோரும் இரண்டு கையாலும் கழியைப் பிடித்திருந்தார்கள். முனிராஜ் ஒரு கையால்தான் பிடித்திருந்தார். மறு கை சட்டைப் பையின் மேல் இருந்தது.