கடைசி அறையில் தங்கிய தூக்கம்

பல் செட் செய்கிறவளின் தூக்கம் வீட்டை விட்டுப் போய் ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு, அது மலையடிவாரத்து ஊர் ஒன்றில், ஒரு லாட்ஜின் மாடியில், கடைசி அறையில் தங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. தகவலைக் கொண்டுவந்தவன் அவளுடைய கணவன். பஸ் கண்டக்டரான அவனுக்கு ஊர்க்கதையெல்லாம் டிக்கெட்டோடு சேர்ந்தே வரும். அந்த லாட்ஜில் ஒரு மத்தியானம் படுத்து எழுந்த பயணி ஒருவன், தூங்கிய நேரமெல்லாம் கனவில் ரோஸ் நிற மெழுகில் பல் பல்லாக நட்டுக்கொண்டிருந்ததாகவும், ஜென்மத்தில் அந்த வேலையைத் தொட்டதில்லை என்றும், மேல்வரிசையில் முன்பல்லுக்கு அடுத்த பல்லை மட்டும் தன் கை தானாகவே லேசாகச் சாய்த்து வைத்தது என்றும் பக்கத்து சீட்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்தான். கண்டக்டர் விசில் ஊத மறந்து இரண்டு ஸ்டாப்பைத் தாண்டிவிட்டான். அந்தப் பல்லை அப்படிச் சாய்த்து வைக்கிற பழக்கம் அவனுக்குத் தெரிந்து உலகத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு. எல்லாப் பல்லும் நேராக நின்றால் பொய்ப்பல் என்று ஊருக்கே தெரிந்துவிடும், ஒன்று கொஞ்சம் கோணலாக இருந்தால்தான் சொந்தப் பல் மாதிரி இருக்கும் என்பது அவள் கட்சி.

தூக்கம் போனதற்கு அவளே காரணம். ஒரு மாலை, அவசர வேலை ஒன்றை முடித்துக்கொடுக்க ஸ்பிரிட் விளக்கின் முன்னால் குனிந்திருந்தபோது தூக்கம் கண்ணைச் சொக்கிக்கொண்டு வந்து, தலை சாய்ந்து, முன்முடி விளக்கில் பொசுங்கிவிட்டது. வந்த எரிச்சலில் கன்னத்தில் தானே அறைந்துகொண்டு, "போய்த் தொலை" என்றாள். ஆயிரம் பேர் ஆயிரம் தடவை சொல்கிற வார்த்தைதான். அவளுடைய தூக்கம் மட்டும் ரோஷக்காரத் தூக்கமாக இருந்துவிட்டது. அன்றிலிருந்து வரவில்லை. பால் குடித்துப் பார்த்தாள், கால் கழுவிவிட்டுப் படுத்துப் பார்த்தாள், டாக்டர் கொடுத்த மாத்திரையை விழுங்கி, மறுநாள் முழுக்க நாக்கு மரத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். வேலையில் கை தடுமாற ஆரம்பித்தது. ஒருவருடைய மேல்செட்டையும் இன்னொருவருடைய கீழ்செட்டையும் ஒன்றாகச் சேர்த்து அனுப்பிவிட, இரண்டு வீட்டிலும் ஆட்கள் வாயை மூட முடியாமல் சிரித்த முகமாகவே ஒரு வாரம் திரிந்தார்கள். அதில் ஒருவர் துக்க வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது.

"தூக்கம் வரலைன்னா நாமதான் போகணும்" என்றான் கண்டக்டர். "கோவிச்சுக்கிட்டுப் போனது தானா வருமா? போய்ப் பார்த்துட்டு வா."

அவளுக்கு வாரத்தில் ஒருநாள் விடுமுறை. அந்த நாளில் காலைப் பஸ்ஸில் ஏறி, மத்தியானத்துக்கு முன்னால் அந்த ஊரில் இறங்கினாள். லாட்ஜ் என்றால் பெரிய லாட்ஜ் ஒன்றுமில்லை. கீழே சைக்கிள் கடை, பக்கவாட்டில் சிமெண்டுப் படி, மாடியில் வரிசையாக அறைகள், பின்பக்கம் கொடியில் காயும் வெள்ளைப் படுக்கை விரிப்புகள். லாட்ஜ்காரி தடித்த கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பொம்பளை. வந்தவளின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்ததுமே சாவியை எடுத்துவிட்டாள். "உங்களோடது கடைசி ரூம்ல இருக்கு. நல்ல தூக்கம், ஒரு தொந்தரவு கிடையாது" என்றாள். மற்ற அறைகளிலும் அப்படித்தான் யார் யாருடைய தூக்கமோ இருந்தது. முதல் அறையில் ஒரு கணக்கு வாத்தியாருடையது, மூன்றாவதில் டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவர் ஒருவருடையது. வாத்தியார் இறந்துபோய் வெகுநாளாகியும் அது காலி செய்யவில்லை என்று லாட்ஜ்காரி சலித்துக்கொண்டாள்.

இரும்புக் கட்டிலில் தலை வைத்ததுதான் தெரியும். எழுந்தபோது வெயில் சுவரின் எதிர்ப்பக்கம் போயிருந்தது, கன்னத்தில் தலையணையின் மடிப்பு பதிந்திருந்தது. அவள் அழுதுவிட்டாள். ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் காணாதவளுக்குச் சொம்பு நிறையக் கொடுத்த மாதிரி இருந்தது. கதவைச் சாத்தும்போது, யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் சொல்கிற பழக்கத்தில், காலி அறையைப் பார்த்து "வரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அதற்கப்புறம் வாராவாரம் போனாள். ஒவ்வொரு தடவையும் "வரேன்" என்றுதான் கிளம்பினாள். ஒரு வேளைத் தூக்கம் ஒரு வாரத்துக்குத் தாங்கியது. பற்கள் மறுபடி அதனதன் வாயில் போய்ச் சேர்ந்தன. வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மகளுக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் இருந்தாலும், அம்மா கூப்பிட ஒரு செல்லப்பெயர் இருந்தது. சின்னப் பெயர். வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

மற்ற ஆறு நாளும் அந்த அறை சும்மா கிடக்காது என்பதை அவள் யோசித்திருக்க வேண்டும். லாட்ஜ் நடத்துகிறவள் அறையைப் பூட்டி வைத்து அழகு பார்க்கவா போகிறாள்? பஸ்ஸில் வந்த முதல் தகவலே வேறொருவன் படுத்து எழுந்த தகவல்தான். ஆனால் தூங்கக் கிடைத்தவளுக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்? ஒருமுறை விரிப்பு மடித்துக்கொண்டே லாட்ஜ்காரி, "சமையல்கட்டுக் குழாய்ல இன்னும் சொட்டுதா?" என்று கேட்டாள். தூக்கத்தில் உளறியிருப்போம் என்று நினைத்து, "வாஷர் மாத்தணும்" என்று பதில் சொல்லிவிட்டு வந்தாள். பஸ் பாதி வழி வந்தபிறகுதான், லாட்ஜ்காரியும் அந்தக் கட்டிலில் படுத்து எழுந்திருப்பாள் என்று அவளுக்கு உறைத்தது.

அந்த வாரமே சூட்கேஸ்காரர் வந்தார். பூட்டும் பிடியும் விற்கிற ஊர்சுற்றி வியாபாரி, கையில் எப்போதும் ஒரு பழுப்பு சூட்கேஸ். தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அந்தச் செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அம்மா கூப்பிடுகிற அதே இழுவையோடு. குழந்தை யாரோ சொந்தக்காரர் என்று நினைத்துக் கையாட்டிவிட்டு உள்ளே வந்து சொன்னாள். பல் செட்டுக்காரி வெளியே ஓடி யார், என்ன என்று கேட்டாள். அவர் கெட்டவர் மாதிரியே இல்லை. அதுதான் அவளுக்கு அதிக பயத்தைக் கொடுத்தது. கண் கலங்கி, கை கூப்பி, "தப்பா நினைக்காதீங்கம்மா. அந்த லாட்ஜ்ல நாலஞ்சு தடவை படுத்தேன். குழந்தை ஞாபகமாவே இருக்கு. ராத்திரி இருமுச்சே, இப்போ பரவாயில்லையா?" என்றார். குழந்தை இருமியது உண்மை. அவர் போகும்போது கேட்டைத் தானே சாத்தினார். தூக்கிப் பிடித்து இடதுபக்கம் அழுத்தினால்தான் விழும் கொக்கி அது. வீட்டாருக்கே சில நாள் படுத்தும். அவர் பார்க்காமலே போட்டார்.

பிறகு ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். டைப் அடிக்கிற ஒரு பெண், லாரி கிளீனர் ஒருவன், ஓய்வு பெற்ற நர்ஸ், யாரென்றே தெரியாத இன்னும் சிலர். எதிர்ச்சுவர் ஓரமாக நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை, வாசற்படி ஏறவில்லை. மகள் வெளியே வந்தால் மட்டும் எல்லா முகமும் ஒரே மாதிரி திரும்பியது, எல்லாக் கண்ணிலும் ஒரே பார்வை இருந்தது. அந்தப் பார்வையைப் பல் செட்டுக்காரிக்குத் தெரியும். கண்ணாடி முன் மகளை நிறுத்திப் பொட்டு வைக்கும்போது கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். அது அவளுடைய பார்வை. கண்டக்டர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். "என்ன பண்றாங்க?" என்று கேட்டார்கள். "நிக்கிறாங்க சார்" என்றான். "நிக்கறது ஒரு கேஸா?" என்று அனுப்பிவிட்டார்கள். நியாயமான கேள்வி. வீட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கினான். மறுநாள் சுவர் ஓரத்திலிருந்து கிளீனர், "அண்ணே, இந்தச் சாவியையும் அரிசி டப்பாவுல போடாதீங்க, துருப் பிடிக்கும்" என்றான், அக்கறையாக.

ஒரு சாயங்காலம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து நேரத்துக்கு வரவில்லை. பல் செட்டுக்காரி பல் அச்சு வார்க்கிற பிளாஸ்டர் மாவு ஒட்டிய கையோடு செருப்புக்கூடப் போடாமல் தெருத்தெருவாக ஓடினாள். வாய் அந்தச் செல்லப்பெயரைக் கத்திக்கொண்டே இருந்தது. அவள் கத்தக் கத்த, இந்தச் சந்திலிருந்தும் அந்தச் சந்திலிருந்தும் அந்த ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள். பஸ் நிறுத்தத்து பெஞ்சில் மகள் உட்கார்ந்திருந்தாள். பின்னால் சூட்கேஸ்காரர் உட்கார்ந்து அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். இடது பின்னல் இறுக்கமாகவும் வலது பின்னல் கொஞ்சம் தளர்ச்சியாகவும், அம்மாவின் கை எப்படிப் பின்னுமோ அப்படியே. குழந்தை கண்ணை மூடித் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "பின்னல் அவுந்துடுச்சும்மா. மாமா உன்னை மாதிரியே வலிக்காம பின்றாங்க" என்றாள். சூட்கேஸ்காரர் தன் கைகளைப் பார்த்தார், பிறகு தாயைப் பார்த்தார். "எனக்குப் பின்னத் தெரியாதும்மா. கல்யாணமே ஆகலை எனக்கு" என்றார்.

அடுத்த பஸ்ஸிலேயே அவள் கிளம்பினாள். விடுமுறை நாளுக்குக் காத்திருக்கவில்லை. லாட்ஜ்காரியிடம் சண்டை பிடிக்கத்தான் போனாள், ஆனால் படியேறும்போதே அழுகை வந்துவிட்டது. லாட்ஜ்காரி ஸ்டூலை இழுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், எல்லாவற்றையும் கேட்டாள்.

"தூக்கத்துல ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பீங்க" என்றாள். "அது உங்க தூக்கத்துல தங்கிப்போச்சு. அதுல படுக்கறவங்க காதுல விழுந்துடுது. பேரைப் பிடிச்சுக்கிட்டே வந்துடறாங்க."

"அப்ப இதை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"கூட்டிட்டுப் போனா சும்மா வருமா? படுத்தவங்க எல்லாரும் சேர்ந்துதான் வருவாங்க. சரி, கிளம்பும்போது என்ன சொல்லிட்டுப் போவீங்க?"

"வரேன்னு."

லாட்ஜ்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அதான். வரேன்னு சொன்னா அது காத்துக்கிட்டுதானே இருக்கும்? போறேன்னு சொல்லுங்க. அதுவும் கிளம்பிடும். எங்க போகும்னு எனக்குத் தெரியாது. உங்ககிட்ட வராது. உள்ள இருக்கறதையும் எடுத்துக்கிட்டுத்தான் போகும்."

அந்த வார்த்தையை யாரும் சொல்ல மாட்டார்கள். கடைக்குக் கிளம்புகிறவன்கூடச் சொல்ல மாட்டான். யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால், "போயிட்டு வரேன்னு சொல்லு" என்று நிறுத்தித் திருத்தி அனுப்புவார்கள். அவளும் மகளை எத்தனையோ காலை வாசலிலேயே நிறுத்தித் திருத்தியிருக்கிறாள். கடைசி அறைக்குள் போனாள். படுக்கை விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது, ஜன்னல் வழியாக வெயில் கட்டிலில் பாதியில் விழுந்திருந்தது. உடம்பு முழுக்க அந்தக் கட்டிலுக்காக ஏங்கியது. இன்னும் ஒரே ஒரு தடவை, ஒரு மணிநேரம், என்று கெஞ்சியது. கண் தானாகச் செருகியது. படுத்தால் மறுபடி பெயரைச் சொல்வோம், மறுபடி யாராவது கேட்பார்கள் என்று தெரியும். கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "போறேன்" என்றாள். கட்டில் லேசாகக் கிரீச்சிட்டது, ஆள் எழுந்திருக்கும்போது கேட்குமே, அந்த மாதிரி. அவள் தோளை உரசிக்கொண்டு ஏதோ கதகதப்பாக வெளியே போனது. சிமெண்டுப் படியில் அது இறங்குவதை லாட்ஜ்காரியும் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

அவள் வீடு திரும்பியபோது எதிர்ச்சுவர் ஓரத்தில் யாரும் இல்லை. சூட்கேஸ்காரர் அதே தெருவில் கடைகடையாகப் பூட்டு விற்றுக்கொண்டு போனார். மகளைப் பார்த்தார், தாண்டிப் போனார். பல் செட்டுக்காரி வாசலில் நின்று, மகளைக் கட்டிக்கொண்டு கூப்பிட வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. நாக்கு அந்த இடத்துக்குப் போனது, அங்கே ஒன்றுமில்லை, பல் பிடுங்கிய ஈறு மாதிரி இருந்தது. கண்டக்டரைக் கேட்டாள், அவனுக்கும் வரவில்லை. மகளையே கேட்டாள். குழந்தை வெகுநேரம் யோசித்துவிட்டு, அப்படி ஒன்று இருந்தது மட்டும் தெரிகிறது என்றாள். அதை இங்கே எழுத முடியாததற்கும் அதுதான் காரணம். அன்று முதல் மகளைப் பள்ளிக்கூடப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரில் கூப்பிட்டால் குழந்தை கொஞ்சம் நிமிர்ந்து நின்று பதில் சொன்னாள்.

அதற்கப்புறம் அவள் தூங்கவில்லை. டாக்டர்கள் வந்து பார்த்துவிட்டு, மனுஷி செத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் சாகவும் இல்லை. கை தடுமாறுவதும் கொஞ்ச நாளில் பழகி நின்றுவிட்டது. சுற்றுவட்டாரத்தில் பாதி வாய்களில் அவள் செய்த பற்கள் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு பல் லேசாகச் சாய்ந்து. கண்டக்டர் ஓய்வு பெற்றான், தூக்கத்திலேயே டிக்கெட் கேட்டான், பக்கத்தில் உட்கார்ந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் வளர்ந்து வேறு ஊரில் வேலைக்குப் போனாள். கிளம்பும்போதெல்லாம் "போயிட்டு வரேம்மா" என்று சொல்ல ஒருநாளும் தவறவில்லை.

ஒரு முறை மகள் ரயிலில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது, எதிர் சீட்டில் ஒரு கிழவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். யாரோ முன்பின் தெரியாதவர். தூக்கத்தில் ஒரு வார்த்தை சொன்னார். மகள் ஜன்னலிலிருந்து திரும்பி, "என்னம்மா?" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு மயிர் கூச்செறிந்தது. அவரை எழுப்பவில்லை. இறங்கவேண்டிய ஸ்டேஷன் வரை, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்த முகத்தையே பார்த்தபடி வந்தாள்.

வீட்டில் அம்மா விளக்கடியில் கடவாய்ப்பல் ஒன்றை அரம் போட்டுக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் தூக்கத்தைப் பார்த்தேம்மா. ரயில்ல."

அரம் நின்றது. "நல்லா இருந்துதா?"

"நல்லா ஆழமா இருந்துது. பேரைக்கூடச் சொல்லுச்சு. எனக்கு ஞாபகம் வந்துடுச்சும்மா, அது..."

பல் செட்டுக்காரி பிளாஸ்டர் ஒட்டிய கையால் மகளின் வாயைப் பொத்தினாள். "சொல்லாதே" என்றாள். "தெரிஞ்சா கூப்பிடுவேன். கூப்பிட்டா மறுபடி எல்லாரும் வாசல்ல வந்து நிப்பாங்க."

கையை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு மகளைத் திருப்பி உட்காரவைத்து, பயணத்தில் கலைந்திருந்த தலையைப் பின்னிவிட்டு, மறுபடி அரத்தை எடுத்துக்கொண்டாள்.