வேதா படித்த மணிநேரம்

அழுதது போதும், நாளைக்கு என்கூடக் கிளம்பு என்று சொல்லி வேதாவை வேலைக்குக் கூட்டிப்போனவள் ஜலஜாதான். வேதாவின் கணவன் வீட்டை விட்டுப் போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மல்காஜ்கிரியில் இருவருக்கும் ஒரே தெரு. செகந்திராபாத் வரை பஸ், அங்கிருந்து ஹைடெக் சிட்டிக்கு ரயில், பெண்கள் பெட்டியில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு. ஜலஜா கொண்டுவரும் டப்பாவில் எப்போதும் வேதாவுக்கும் சேர்த்து இரண்டு இட்லி இருக்கும்.

ஒரு ஐ.டி. கம்பெனியின் தரைத்தளத்தில் இருந்தது அந்தக் குழந்தைகள் காப்பகம். எல்லோரும் கிரெஷ் என்றார்கள். மேலே அம்மாக்கள் கம்ப்யூட்டர் முன்னால். கீழே அவர்களுடைய குழந்தைகள். ஜலஜா இன்சார்ஜ். வேதா, நடக்கத் தொடங்காத குழந்தைகளின் அறையில்.

கிரெஷை நடத்தியவர்களின் தலைமை அலுவலகம் பெங்களூரில். 2011-ல் அங்கிருந்து புது உத்தரவு வந்தது. சின்னக் குழந்தைகளைத் தொடுகிற எல்லோரும் ஆன்லைனில் பயிற்சி எடுக்க வேண்டும். வீடியோ பார்க்க வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இத்தனை மணிநேரம் முடித்தால்தான் சர்டிஃபிகேட்.

"எனக்கு லாகின் வரலியேக்கா?" என்று வேதா கேட்டாள்.

"உனக்கு இன்னும் போடலடி. வர்றப்ப வரட்டும். நீ என் ஐடியில உக்காந்து முடிச்சுடு. அப்புறம் பெங்களூருக்கு மெயில் போட்டு உன் பேருக்கு மாத்திடலாம்."

"மாத்துவாங்களா?"

"நான் பாத்துக்கறேன். எதுக்கு பயப்படற?"

ஜலஜா சொன்னால் வேதாவுக்கு அதற்கு மேல் கேள்வி கிடையாது. குழந்தைகள் தூங்கும் நேரத்தில் ஆபீஸ் அறைக்குப் போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வாள். வீடியோக்கள் ஆங்கிலத்தில். புரியாததைத் திரும்பத் திரும்ப ஓட்டுவாள். அந்த வருஷம் தெலங்கானா பந்த் அடிக்கடி. குழந்தைகள் அதிகம் வராத அந்த நாட்களில், ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தவள், காலையிலிருந்து உட்கார்ந்து பார்த்தாள். படிப்பை விட்டு வருஷக்கணக்கான பிறகு மறுபடி பரீட்சை எழுதுகிற சந்தோஷம் அவளுக்கு. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் திரையில் பச்சை நிற டிக் விழும். டிக்குக்கு மேலே ஜலஜாவின் பெயர் இருந்தது. அதை அவள் பெரிதாக நினைக்கவில்லை.

நவம்பரில் ஒரு மதியம் ஹர்ஷாவுக்கு மூச்சு அடைத்தது. பத்து மாதக் குழந்தை. பக்கத்தில் பெரிய பிள்ளை தின்றுகொண்டிருந்த ஆப்பிள் துண்டு எப்படியோ அவன் வாய்க்குள் போயிருந்தது. அழுகைச் சத்தம் இல்லை. முகம் மட்டும் நீலமாக மாறிக்கொண்டிருந்தது. இன்னொரு ஆயா "ஐயோ" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினாள். வேதா குழந்தையை எடுத்து முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, தோள்களுக்கு நடுவே உள்ளங்கையால் தட்டினாள். வரவில்லை. மறுபடி தட்டினாள். ஆப்பிள் துண்டு தரையில் விழுந்தது. ஹர்ஷா வீறிட்டு அழுதான். அவனை மார்போடு அணைத்துக்கொண்டு வேதா சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

அவன் அம்மா சாஹித்யா மாடியிலிருந்து ஓடிவந்தவள் வேதாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் என்னென்னவோ சொன்னாள், விடவேயில்லை.

இரண்டு நாள் கழித்துப் பெங்களூரிலிருந்து விசாரிக்க விஜயகுமாரி மேடம் வந்தார். ஆபீஸ் அறையில் மூன்று பேர்: மேடம், ஜலஜா, வேதா.

"குழந்தையை யார் எடுத்தது?"

"நான்தான் மேடம்."

மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "உங்க பேர்ல ஒரு மணிநேரப் பயிற்சிகூட இல்லையே. பயிற்சி இல்லாதவங்க இப்படிச் செஞ்சு குழந்தைக்கு வேற ஏதாவது ஆகியிருந்தா?"

வேதா சிரித்துவிட்டாள். பதில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறதே என்ற நிம்மதியில் வந்த சிரிப்பு. ஜலஜாவைத் திரும்பிப் பார்த்தாள்.

ஜலஜா மேஜையில் இருந்த பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கக்கா," என்றாள் வேதா.

"பயிற்சி எடுத்தது நான் மேடம்," என்றாள் ஜலஜா. "நான் அப்பப்ப இவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். அன்னிக்கும் நான் வாசல்ல நின்னு சொல்லச் சொல்லத்தான் இவ செஞ்சா."

ஜலஜா அன்றைக்கு அந்த நேரத்தில் மாடியில் மீட்டிங்கில் இருந்தாள். நடந்ததை வேதா சொல்லத்தான் சொன்னாள்; தெலுங்கும் இங்கிலீஷும் தமிழும் கலந்து. மேடம் பொறுமையாகவே கேட்டார்.

"நீங்க சொல்றது உண்மைன்னே வச்சுக்குவோம். இன்னொருத்தர் லாகின்ல உக்கார்றது அதைவிடப் பெரிய தப்பு. அதை எழுதினா உங்க வேலையே போயிடும். எழுதட்டுமா?"

வேண்டாம் என்று வேதா தலையாட்டினாள். ஜலஜா தலையை நிமிர்த்தவில்லை.

மறுநாளிலிருந்து வேதாவுக்குத் துணி துவைக்கிற அறை. வாஷிங் மெஷினும் படுக்கை விரிப்புகளும். அவளை மறுபடி குழந்தைகளிடம் விடச் சொல்லி சாஹித்யா மெயில் போட்டாள். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று பதில் வந்தது.

சாயங்காலம் பிளாட்பாரத்தில் ஜலஜா பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்கு உக்கார்றதுக்கு நேரமே கெடைக்கலடி. ஒரு பாடம்கூட முடிக்கலன்னு தெரிஞ்சா இன்சார்ஜா வச்சிருப்பாங்களா? பையன் நிகிலுக்கு இப்பத்தான் காலேஜ் ஆரம்பிச்சிருக்கு. நீ புரிஞ்சுப்பேன்னு நெனச்சேன்."

"லாகின் கெடக்கட்டும்க்கா. வாசல்ல நின்னு சொன்னேன்னீங்களே, அது எதுக்கு?"

ரயில் வந்தது. ஜலஜா ஏறினாள். வேதா ஏறவில்லை. அடுத்த ரயில் வரும்வரை நின்றபடியே அழுதாள். கணவன் போனபோது இப்படி அழவில்லை. அவன் போவான் என்று அவளுக்கு உள்ளூர ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அழுது முடித்த மறுநாள் பெங்களூருக்கு போன் போட்டு விஜயகுமாரி மேடத்தைப் பிடித்தாள். "எனக்கு என் பேர்ல லாகின் வேணும் மேடம். வேற எதுவும் கேக்கல." அந்த வாரமே வந்தது. முதல் பாடத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பார்த்தாள், இந்த முறை மல்காஜ்கிரி நெட் சென்டரில், ஞாயிற்றுக்கிழமைகளில். ஒவ்வொன்று முடிந்ததும் அலுவலகத்துக்கு போன் செய்வாள். "வேதாங்கற பேர்ல ஏறியிருக்கா, பாத்துச் சொல்லுங்க." அங்கிருந்தவர்களுக்கு அவள் குரலே அலுத்துப்போயிருக்கும். அவள் விடவில்லை.

அதற்குள் ஜலஜா கச்சிபௌலியில் திறந்த பெரிய கிரெஷுக்கு இன்சார்ஜாகப் போய்விட்டாள். குழந்தையைக் காப்பாற்றியதற்காகப் பாராட்டிப் பதவி கொடுத்ததாகச் சொன்னார்கள்.

கோடை தொடங்கும் முன் சர்டிஃபிகேட் வந்தது; வேதா சின்னக் குழந்தைகள் அறைக்குத் திரும்பினாள். ஹர்ஷா அப்போது நடக்க ஆரம்பித்திருந்தான். அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

ஜூன் மாதத்தில் ஒருநாள் செகந்திராபாத் ஸ்டேஷன் படியில் ஜலஜா வழிமறித்தாள். முகம் இளைத்திருந்தது.

"கச்சிபௌலில சின்னக் குழந்தைங்களப் பாத்துக்க ஒருத்தரும் சரியா அமையல வேதா. நீ வந்தா நான் நிம்மதியா இருப்பேன். பெங்களூர்ல நானே பேசறேன்."

அவள் கையிலிருந்த டப்பாவை வேதா பார்த்தாள். அந்த இட்லிகளும் பொய்யில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"நக்கோ அக்கா, வேணாம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினாள்.