பின்வாசலுக்கு வந்த பெயர்ப்பலகை

அந்தப் பள்ளிக்கூடத்தின் முன்சுவரில் செங்கல்லைவிடப் பெயிண்ட்தான் அதிகம். ஆண்டுதோறும் ஊர்நலச் சங்கத்தார் வருவார்கள். அதே சுவர், அதே தூரிகை, போட்டோவுக்கு அதே பல்லிளிப்பு. சங்கத்தின் தலைவர் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். விற்காமல் தேங்கிப்போன நிறம் எதுவோ, அதுதான் அந்த ஆண்டு அவர் கல்விக்குச் செய்யும் தொண்டு. ஒரு முறை அடித்தார் பாருங்கள் ஒரு பச்சை, மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும்.

ஊரார் 'பெரிய டீச்சர்' என்று கூப்பிடும் தலைமை ஆசிரியைக்கு அந்தச் சுவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். கட்டடத்தின் மறுகோடியில், பின்தெருவை ஒட்டி, ஒன்றாம் வகுப்பு இருந்தது. அதன் கூரைக் காரை பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது. போன மழையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு ஒரு சிறுமியின் பெஞ்சில் வந்து விழுந்தது. அவள் அந்த நேரம் பார்த்துக் கரும்பலகையில் எழுதப் போயிருந்தாள். ஆயுசு கெட்டி. அன்றிலிருந்து வானம் இருட்டினாலே பெரிய டீச்சர் ஒன்றாம் வகுப்புக்கு ஓடிப்போய்க் கூரையை அண்ணாந்து பார்ப்பார். பிள்ளைகளை மாற்றி உட்கார வைக்க வேறு அறையும் கிடையாது. மேலதிகாரிகளிடம் முறையிட்டதற்கு, ஊர் மக்களின் ஆதரவைத் திரட்டச் சொல்லிவிட்டார்கள். அந்த ஆதரவுதான் முன்சுவரில் அப்பிக் கிடக்கிறதே!

வெட்கத்தை விட்டுக் கேட்டும் பார்த்தார்.

"சார், இந்தத் தடவை பெயிண்ட் வேண்டாம். ஒரு கொத்தனாரை அனுப்புங்க. ஒண்ணாங்கிளாஸ் கூரை எந்த நேரம் பிள்ளைங்க தலையில விழுமோன்னு இருக்கு."

தலைவர் யோசிப்பவர்போல் மோவாயைத் தடவினார். "செய்யலாம் டீச்சர். ஆனா கூரைக்கு உள்பக்கம் பூசுனா யார் கண்ணுக்குத் தெரியும்? நாலு பேர் பார்த்தாத்தானே இன்னும் நாலு பேர் உதவிக்கு வருவாங்க?"

அடேயப்பா, என்ன தத்துவம்! பெரிய டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டுவிட்டு வந்தார். அந்த ஆண்டு சுவர் கத்தரிப்பூ நிறமானது.

பிறகு முன்தெருவில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டினார்கள். பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாதென்று, துருப்பிடித்துக் கிடந்த பின்வாசல் கதவை வாட்ச்மேன் உதைத்துத் திறந்தார். சங்கத் தலைவரும் அந்த வழியாகத்தான் வரவேண்டியதாயிற்று. பாசி பிடித்த சுவர், விரிசல், பக்கச் சந்தில் கதவில்லாத கழிப்பறை. மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன டீச்சர் இது? பள்ளிக்கூடத்தை இப்படியா வச்சிருப்பீங்க? வாசல்னா ஒரு லட்சணம் வேண்டாமா?"

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடித்தான் கறக்க வேண்டும். இந்த மாட்டுக்கு வாசல்தான் பாட்டு என்பது அப்போதுதான் பெரிய டீச்சருக்கு உறைத்தது. மறுநாளே பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றிப் பின்வாசலில் மாட்டச் சொன்னார். முன்தெருப் பள்ளத்தை மூடிய பிறகும் பலகை அங்கேயேதான் இருந்தது. கேட்டவர்களிடம், "இந்தப் பக்கம் வண்டித் தொல்லை இல்லைங்க" என்றார்.

ஆண்டு விழா நெருங்கியது. ஒரு பெரிய அதிகாரியைச் சங்கம் அழைத்திருந்தது. ஏற்பாடுகளைப் பார்க்க வந்த தலைவர் புது வாசல் வழியாக நுழைந்தார். நுழைந்ததும் முதல் அறை, ஒன்றாம் வகுப்பு.

"விருந்தாளியை இங்கதான் உட்கார வைக்கணும் சார். வாசலை ஒட்டி வேற இடம் இல்ல," என்றார் பெரிய டீச்சர், பச்சைப் பிள்ளை முகத்தோடு.

தலைவர் அண்ணாந்து பார்த்தார். பார்க்கும்போதே பொடியும் துகளுமாய்க் காரை உதிர்ந்து, கஞ்சி போட்ட அவர் சட்டைத் தோளில் விழுந்தது. மனிதர் வாசல் வரை துள்ளி ஓடினார்.

"ஐயையோ! அதிகாரி தலையில விழுந்தா என்ன ஆகிறது டீச்சர்?"

"பிள்ளைங்க தலையில விழுந்தா என்ன ஆகுமோ, அதேதான் சார் ஆகும்."

அவர் காதில் அது ஏறவில்லை. அவர் ஏற்கனவே கொத்தனாருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவருக்குத் தன் தலைகூட வேண்டாம், அதிகாரியின் தலை போதும். காரையைக் கொத்தி, துருவேறிய கம்பியை மாற்றி, சிமெண்ட் பூசி, இரண்டே நாளில் கூரை முடிந்தது. இத்தனை காலம் கெஞ்சியது இந்த இரண்டு நாள் வேலைக்குத்தான்.

விழாவில் தலைவர் மைக்கை விடவில்லை. "பிஞ்சுக் குழந்தைகளின் உயிர் எங்களுக்குப் பெரிது! கண்ணில் பட்டதுமே களத்தில் இறங்கினோம்!" கைத்தட்டல் பிய்த்துக்கொண்டு போனது. பெரிய டீச்சரும் தட்டினார், வலிக்கும்படி. காரை விழுந்த பெஞ்சில் அந்தச் சிறுமி தட்டாமல், பழக்க தோஷத்தில் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிமே விழாதும்மா, தட்டு," என்று பெரிய டீச்சர் குனிந்து சொன்ன பிறகுதான் அவள் கையைத் தட்டினாள்.

கூட்டம் கலைந்ததும் வாட்ச்மேன் ஏணியோடு வந்தார். "பலகையைப் பழையபடி முன்னாடி மாட்டிடலாமா டீச்சர்? ஆணியெல்லாம் கொண்டாந்திருக்கேன்."

"ஆணி வேண்டாம் அண்ணே. கழட்டி மாட்ட வசதியா கொக்கி போடுங்க," என்றார் பெரிய டீச்சர். "அடுத்த வருஷ வாசல் கழிப்பறைச் சந்துல."