வலிக்கு மூன்று மார்க்

என் மனைவி கணக்கு டீச்சர். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும், கையில் சிவப்புப் பேனா இருக்கிற மாதிரியேதான் உலகத்தைப் பார்ப்பாள். நான் போடுகிற காபிக்கு ஆறு மார்க். எங்கள் கல்யாணப் போட்டோவுக்கு ஐந்து. நான் கண்ணை மூடிவிட்டேனாம். பத்துக்குப் பத்து அவள் யாருக்கும் போட்டதில்லை. நானோ காலமெல்லாம் பஸ் ஓட்டியவன். எதற்கும் முதலில் ஹாரன்தான். எனக்குத் தலைவலி வந்தால் பத்துக்குப் பன்னிரண்டு.

டீச்சருக்கு முழங்கால் வலி. வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படி இறங்குவதையே விட்டுவிட்டாள். முன்பெல்லாம் சாயங்காலம் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே பூங்கா வரை நடப்போம். இப்போது நான் மட்டும் போகிறேன். சண்டை போட ஆளில்லாமல் பாதியிலேயே திரும்பிவிடுகிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தத் தனி நடை எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் முழங்கால் வலிக்கு ஓர் ஆராய்ச்சி நடப்பதாக எலும்பு டாக்டர் சொன்னார். சேருகிறவர்கள் எல்லோருக்கும் உடற்பயிற்சி சொல்லித் தருவார்கள். அதோடு முழங்காலில் பட்டை ஒட்டி, இடுப்பில் மாட்டும் சின்னப் பெட்டியிலிருந்து நரம்புக்கு லேசாகக் கரண்ட் விடுவார்கள். பாதிப் பேர் பெட்டியில் நிஜக் கரண்ட். மீதிப் பேர் பெட்டியில் கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, வலியை அளக்கிறவருக்கும் தெரியாது. எனக்கு இது சுத்த ஏமாற்று வேலையாகப் பட்டது. டீச்சருக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"விடைத்தாள்ல பேரை மறைச்சுட்டுத் திருத்துற மாதிரிங்க. இதுதான் நியாயம். நான் சேருறேன்."

கம்பியைப் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு படி இறங்கினாள். ஆஸ்பத்திரியில் ஒரு பிசியோதெரபிப் பெண் எங்களை உட்காரவைத்துக் கேட்டாள்.

"போன ஒரு வாரத்துல உங்க வலி சராசரியா எவ்வளவும்மா? வலியே இல்லைன்னா பூஜ்யம். நீங்க நினைச்சுப் பார்க்கிறதிலேயே மோசமான வலின்னா பத்து."

டீச்சர் கண்ணை மூடி யோசித்தாள்.

"மூணு."

பிசியோ பெண்ணின் முகம் வாடிவிட்டது. குறைந்தது நாலு இருந்தால்தான் சேர்க்க முடியுமாம்.

"மூணா?" என்று நான் கத்தினேன். "படியில பல்லைக் கடிச்சியே, அது மூணா?"

"ரெண்டு பிள்ளை பெத்தவ நான். பத்துன்னா என்னன்னு எனக்குத் தெரியும்."

"ஏம்மா, ஒரே ஒரு மார்க்," என்று பிசியோ பெண்ணிடம் கெஞ்சினேன். "கருணை மார்க் போட்டுடேன்!"

"யாரைக் கேட்டுக் கருணை மார்க்?" டீச்சர் போட்ட அதட்டலில் அடுத்த அறையில் பேச்சு நின்றுபோனது. "ஒரு மார்க்குல ஃபெயிலாகி எத்தனை பிள்ளைங்க என் முன்னாடி அழுதிருக்கு! அதுங்களுக்குப் போடாததை எனக்கு மட்டும் போட்டுக்குவேனா?"

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் பிடித்த முயலுக்கு எப்போதுமே மூன்று கால்தான். இப்போது வீட்டு மாடி ஏறிவிட்டால் இனி இறங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. மறுமதிப்பீட்டுக்கு வருகிற விடைத்தாளில் அவள் சும்மா மார்க்கைக் கூட்டமாட்டாள். ஆனால் திருத்தாமல் விட்ட பக்கம் ஏதாவது கண்ணில் பட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறே இறங்காது.

"டீச்சர், மறுமதிப்பீடு கேக்குறேன்," என்றேன்.

சட்டென்று உட்கார்ந்தாள். "காரணம்?"

"ஒரு பக்கத்தைத் திருத்தாம விட்டிருக்கே. ராத்திரி."

"ராத்திரி என்ன?"

"புரண்டு படுக்கும்போதெல்லாம் முனகுறே. முழங்காலைக் கையால தூக்கி நகர்த்தி வைக்கிறே. நான் முழிச்சுக்கிட்டுதான் கிடக்கேன், தினமும். என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியலைம்மா."

எனக்குக் குரல் உடைந்துவிட்டது. ஹாரன் அடித்தே பழகியவன், அந்தப் பெண் முன்னால் மூக்கை உறிஞ்சினேன்.

டீச்சர் என்னையே பார்த்தாள். "நீங்க தூங்குறீங்கன்னு நினைச்சுதான் மெதுவா முனகினேன்," என்றாள். பிறகு பிசியோ பெண்ணிடம் திரும்பினாள். "ராத்திரியும் சேர்த்தியா?"

அந்தப் பெண் தாளில் இருந்த கேள்வியை இன்னொரு தடவை பார்த்தாள். "ஆமாம்மா. பகல், ராத்திரி எல்லாம் சேர்த்துதான் சராசரி."

"அதை முதல்லயே தெளிவாக் கேக்கணும். கேள்வி சரியா இருந்தாதானே பதில் சரியா வரும்?" என்று அவளுக்கும் ஓர் அதட்டல். பிறகு நிதானமாகச் சொன்னாள். "பகலுக்கு மூணு. ராத்திரிக்கு ஏழு. சராசரி அஞ்சு."

சேர்த்துக்கொண்டார்கள். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் வீடு வரும்வரை அந்த ஏழு மார்க்கையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் எதற்கும் லேசில் ஏழு போடுகிறவள் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் கூடம் உடற்பயிற்சிக் கூடமாகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும், வாசலுக்கு வெளியே ஒரு படியில் ஏறி இறங்க வேண்டும். துணைக்கு நானும் எழுந்து உட்கார்ந்தேன். என் முதுகு நிமிர்ந்ததற்கு ஐந்து மார்க் கிடைத்தது. அவள் பெட்டியில் வந்தது நிஜக் கரண்டா, பேருக்கு வந்ததா என்பது இன்றுவரை தெரியாது. ஆராய்ச்சி முழுக்க முடிந்தால்தான் சொல்வார்களாம். "அவசரப்படாதீங்க, ரிசல்ட் வரட்டும்," என்று என்னை அடக்கிவைத்திருக்கிறாள்.

கடைசியாக அளந்த அன்று டீச்சர் சொன்னாள்: "ரெண்டு. பகலும் ராத்திரியும் சேர்த்து."

அன்று சாயங்காலம் அவளே செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். பூங்கா வாசலில் மெல்லக் கேட்டேன்.

"டீச்சர், எனக்கு எத்தனை மார்க்?"

"எட்டு."

எட்டு! எனக்குத் தலைகால் புரியவில்லை. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா?

"மிச்சம் ரெண்டு எங்கே போச்சு?"

"அத்தனை ராத்திரி முழிச்சுக்கிட்டுக் கிடந்தும், என்னை எழுப்பி ஒரு வார்த்தை கேக்கலை பாருங்க. அதுக்கு."

"மறுமதிப்பீடு உண்டா?"

"பேசாம நடங்க," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று பாதியில் திரும்பவில்லை. சண்டை போட்டுக்கொண்டே பூங்காவை முழுக்கச் சுற்றிவந்தோம்.