ஒன்பது நாள் வாடை

"குளிச்சிட்டுதானே வந்த?"

பூர்ணிமா வாசற்படியிலேயே மறித்துக்கொண்டு நின்றாள். கையில் சாம்பிராணித் தட்டு புகைந்தது.

"ரெண்டு தபா குளிச்சேன் மேடம்," என்றாள் ஜாஸ்மின்.

"அப்போ எங்கேர்ந்து வருது இந்த நாத்தம்? நீ வேலைக்கு வந்து ஒம்போது நாளு. ஒம்போது நாளா வீடே கொமட்டுது. நேத்து வந்த சொந்தக்காரங்க காபிகூட குடிக்கல. பேஜாரா போச்சு எனக்கு."

ஆம்பூரில் தோல் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிற காலனிதான் ஜாஸ்மின் வீடு. அப்பா இன்பராஜ் முப்பது வருசமாகப் பச்சைத் தோலுக்கு உப்புத் தடவுகிறவர். நோயாளியை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் நர்ஸாக ஏஜென்சி மூலமாக அவள் வந்த முதல் நாள், "அப்பா இன்னா வேலை?" என்று கேட்டாள் பூர்ணிமா. இவளும் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே சாம்பிராணித் தட்டில் நெருப்பு ஏறிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண்கள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியதையும், நர்ஸிங் ஹாஸ்டலில் ஒருத்தி அவள் போர்வைமேல் சென்ட் அடித்துவிட்டுச் சிரித்ததையும் பார்த்தவள் அவள். ஒருத்தர் சொன்னால் கோபம் வரும். ஊரே சொன்னால் தன் மேலேயே சந்தேகம் வந்துவிடும். காலையில் குடியாத்தம் பஸ்ஸில் ஏறுமுன் யாரும் பார்க்காதபோது தன் தோளைத் தானே மோந்து பார்த்துக்கொண்டுதான் ஏறினாள்.

"அந்தப் பொண்ண உள்ள விடும்மா!" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. பூர்ணிமாவின் மாமனார் தணிகைவேல். பத்து லுங்கித் தறி ஓட்டியவர். இப்போது சர்க்கரை அவரை ஓட்டுகிறது. "ஊசி நேரம் தாண்டுது. இவ குத்தினா கொசு கடிச்சாப்லகூட தெரியல. முன்ன வந்தவ கடப்பாரையால இல்ல குத்தினா!"

"உங்களுக்கு நாத்தமே தெரியலியா மாமா?"

"சாயத் தொட்டிய மோந்து மோந்து என் மூக்கு செத்து இருவது வருசம் ஆவுது. குடுத்து வச்ச மூக்கு!"

ஜாஸ்மினுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. நாலு வருசம் படித்து, கண்ணு முழித்து, கழுவித் துடைத்து அவள் சம்பாதித்தது இப்படி ஒன்றிரண்டு வார்த்தைதான்.

பூர்ணிமா ஒரு பழைய நைட்டியை எடுத்து நீட்டினாள்.

"பின்னால பாத்ரூம்ல எங்க சோப்பு போட்டு குளிச்சிட்டு இத மாட்டிக்கினு வா. உன் துணி, பை எல்லாம் கொல்லையிலயே கெடக்கட்டும். நாளைக்கு வேற ஆள் அனுப்பச் சொல்லிட்டேன்."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. திரும்பிப் போய்விடலாம். போனால் கிழவருக்கு யார் ஊசி போடுவது? மூன்று நாளாக எவ்வளவு மருந்து ஏற்றியும் சர்க்கரை இறங்கவில்லை. நைட்டியை வாங்கிக்கொண்டாள்.

தோல் உரியத் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு அறைக்குள் வந்தாள். ஊசியைப் போட்டாள். நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

சோப்பு அந்த வீட்டுது, துணியும் அந்த வீட்டுது. அவள் மேல் அவளுடையது என்று இப்போது எதுவும் இல்லை. நாற்றம் மட்டும் அப்படியே இருந்தது.

முதன்முறையாக, தன்னை விட்டுவிட்டு அந்த அறையை மோந்தாள். உப்பு ஏறிய தோலின் வாடை அவளுக்குத் தெரியும்; அது அப்பாவின் சட்டை வாடை. உப்புப் படாமல் ஒரு மூலை விட்டுப்போய் அழுகுகிற தோலின் வாடையும் தெரியும். இனிப்பு மாதிரி வந்து தொண்டையில் உட்காரும். குனிந்து, கட்டில் ஓரமாகவே கால்மாடு வரை போனாள்.

வலது காலில் பச்சிலைக் கட்டு. அவள் வருவதற்குச் சில நாள் முன்னால் செருப்புக் கடிக்கு நாட்டு வைத்தியர் போட்டது. பதினைஞ்சு நாள் பிரிக்கக் கூடாது, பிரித்தால் பலிக்காது என்று சொல்லியிருந்தாராம். வந்த அன்றே ஜாஸ்மின் பிரித்துப் பார்க்கக் கேட்டதற்கு, "ஊசியும் பிரஷரும்தான் உன் வேலை" என்று சொல்லிவிட்டாள் பூர்ணிமா.

கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஏய், அதத் தொடாத!"

"இது என் மேல வர்ற நாத்தம் இல்ல மேடம்."

வெட்டினாள். இலையும் துணியும் சீழுமாகக் கழன்று வந்தது. இரண்டு விரல் கரிக்கட்டையாக இருந்தது. ஒன்றை அழுத்தினாள்.

"வலிக்குதா தாத்தா?"

"எது?" என்றார் அவர்.

வாடகைக் காரில் கிழவரை முன்னால் சாய்த்து உட்காரவைத்தார்கள். பின்னால் பூர்ணிமா ஜாஸ்மினை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்பது நாளில் அவ்வளவு கிட்டே வந்தது அன்றுதான்.

"டாக்டர் கேட்டா இன்னிக்குதான் நாத்தம் வந்துச்சுன்னு சொல்லும்மா," என்று காதோரம் சொன்னாள். "தெரிஞ்சும் வச்சிருந்தோம்னா என் வீட்டுக்காரர் என்ன உயிரோட விடமாட்டார். உன்ன மாத்தல, நீயே இரு. ஒன்னு நெனச்சிப் பாரு. நர்ஸா நீயும் ஒம்போது நாளு சும்மாதான இருந்த? உன் பேரும்தான் கெடும்."

கடைசிச் சொல் சுருக்கென்று ஏறியது. பொய் இல்லையே அது.

ஆஸ்பத்திரியில் காலைப் பார்த்ததும் டாக்டர் ரஃபி அகமதுவின் முகம் மாறியது.

"வாடை எப்பலேர்ந்து? சரியா சொல்லுங்க. விஷம் எவ்ளோ தூரம் ஏறியிருக்கும்னு நாள வச்சுதான் பாக்கணும். வெட்டி எடுக்கறது விரலோட நிக்குமா, முட்டி வரைக்கும் போவணுமான்னு அப்புறம்தான்."

"இன்னிக்குதான் டாக்டர்," என்றாள் பூர்ணிமா.

"ஒம்போது நாள் டாக்டர்," என்றாள் ஜாஸ்மின்.

டாக்டர் திரும்பினார். ஈரத் தலை, தொளதொள நைட்டி. "நீ யாரும்மா, வீட்டு வேலைக்கா?"

"நர்ஸ்."

"நர்ஸா?" அவர் குரல் ஏறியது. "ஒம்போது நாளா இந்த நாத்தம் மூக்குல ஏறியும் காலப் பாக்கணும்னு தோணலியா உனக்கு?"

பூர்ணிமாவின் விரல்கள் அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தின. ஜாஸ்மின் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

"என் மேலேர்ந்துதான் வருதுன்னாங்க டாக்டர்," என்றாள். "நானும் நம்பிட்டேன். அப்படியே எழுதிக்கோங்க."