எட்டாயிரம் சுற்று, ஒரே மேசை

1

இந்தக் கதை ஒரு திருட்டுத்தனத்தில் பிறந்தது. அக்கா ஒரு மிஷின் வாங்கப் பட்ட பாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அவளிடம் கேட்காமலே எழுதத் தொடங்கினேன். எங்கள் வீட்டில் மேசை ஒன்றுதான். ஒரு முனையில் அவள் கிட்டார் பழுது பார்ப்பாள். மறுமுனையில் நான் டைப் அடிப்பேன்.

முதல் தொடக்கம்: "விரல்களுக்கிடையே நழுவும் கம்பியாய் அவள் வாழ்க்கையும்..."

சீ, வேண்டாம். அடித்துவிட்டேன். ஆனாலும் இங்கேயே கிடக்கட்டும்.

2

விஷயம் இதுதான். மின்கிட்டாரின் தந்திகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒரு சின்னக் கட்டை இருக்கும். அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, எட்டாயிரம் சுற்று. அது அறுந்தால் கிட்டார் ஊமை. இதுவரை அக்கா அதை வெளியூருக்கு அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருப்பாள். வாடிக்கையாளர்கள் காத்திருக்கவில்லை. ஒவ்வொருவராக நழுவிக்கொண்டிருந்தார்கள்.

இந்த முறை மேடையில் வாசிக்கிறவர் ஒருவர் தன்னிடமிருந்த ஒரே கிட்டாரைக் கொண்டுவந்தார். சனிக்கிழமை நிகழ்ச்சி. "நானே சுத்தித் தர்றேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன வேகத்தில் பழைய கம்பியை வெட்டி எடுத்தும்விட்டாள்.

"இது சரியா வரலேன்னா இந்தத் தொழிலே வேண்டாம்டா. பழைய வேலைக்கே போயிடுவேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

3

பிக்கப்புக்குக் கம்பி சுற்றும் மிஷின் மூன்று பார்த்தோம். எல்லாவற்றையும் தானே செய்யும் பெரிய மிஷின்: விலையைப் பார்த்ததுமே லேப்டாப்பை மூடினாள். கைப்பிடி வைத்தது: மலிவுதான், ஆனால் ஒரு கை சுழற்றுவதற்கே போய்விடும். மூன்றாவதில் சின்ன மோட்டார், வேகத்தைக் குறைக்க ஒரு திருகு, சுற்றை எண்ண ஒரு திரை. கம்பியை மட்டும் விரலால் பிடித்து ஓட்ட வேண்டும்.

நான்காவதாக நான் ஒன்று சொன்னேன்.

"பழைய தையல் மிஷினை மாத்திக் கட்டலாமேக்கா?"

"ஏன்?"

"கதைக்கு நல்லா இருக்கும்."

"உன் கதைக்காக என்னால கம்பி சுத்த முடியாது. போய் வேலையைப் பாரு."

சின்ன மோட்டார் வந்து சேர்ந்தது.

[இந்த இடத்தில் அக்கா என்ற பாத்திரத்தின்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு தெளிவான ஆளை வைத்துக்கொண்டு எப்படிக் கதை எழுதுவது? கொஞ்சம் சோகம் சேர்த்தேன். வரைவைப் படித்தவள், "நான் எப்படா ஜன்னலோரம் நின்னு அழுதேன்?" என்று கேட்டாள். அந்தப் பத்தி போயிற்று.]

4

முதல் முறை ஆறாயிரத்தில் கம்பி அறுந்தது. இரண்டாம் முறை ஏழாயிரத்தைத் தாண்டி.

"மலிவா வாங்கினா இப்படித்தான்" என்று மிஷினைத் திருப்பி அனுப்பப் பெட்டியைத் தேடினாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இங்கே ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன். மிஷின் திரும்பிப் போகிறது, அவளும் பழைய... இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நல்ல வாக்கியம் வந்தால் மேசையை ஓங்கிக் குத்துவது என் பழக்கம். கம்பி அறுந்த அந்த இரண்டு நாளில் நல்ல வாக்கியம் இரண்டு வந்தது.

"அக்கா, தப்பு மிஷின்மேல இல்ல. நான்தான்."

முழுவதையும் கேட்டாள். பிறகு, "எந்த வாக்கியம்? காட்டு" என்றாள். காட்டினேன். இரண்டு முறை படித்தாள்.

"அடப்பாவி, இதுக்கா என் ஏழாயிரம் சுத்து போச்சு? நல்லாவே இல்லையேடா!"

அவள் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு, மிஷினை மறுபடி மேசையில் வைத்துத் திருகினாள். ரீலில் இன்னும் ஒரே ஒரு பிக்கப்புக்குத்தான் கம்பி இருந்தது. நாளை சனிக்கிழமை.

"மேசைப் பக்கம் வந்தே, கையை ஒடிச்சிடுவேன்."

5

இதை எதிர்ச்சுவரோரம் தரையில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துப் பென்சிலால் எழுதுகிறேன். திரையில் 6,940.

ஒரு முடிவில் கம்பி அறுகிறது. இன்னொன்றில் நாளை அந்தக் கிட்டார் மேடையில் ஒலிக்கிறது. இரண்டும் என் கையில் இல்லை. அவள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறது.

7,420. அக்கா கண் சிமிட்டவில்லை.

இப்போதுதான் எனக்கு ஒரு கடைசி வாக்கியம் வந்தது. சத்தியமாக, இதுவரை வந்ததிலேயே இதுதான் அருமை. எழுதினால் என் கை சும்மா இருக்காது. அதனால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்காரப் போகிறேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மேசையில் வைத்து மட்டும் எழுதாதீர்கள்.