மல்லாந்து கிடந்த சிலந்தி

பௌர்ணமி மதியத்துக்குள் அடி அண்ணாமலை வீடுகளில் முன்னறைகள் காலியாகிவிடும். கிரிவலம் வருகிறவர்களுக்கு ஒருநாள் தங்க விடுவார்கள். மணியம்மாளும் முன்னறையைப் பெருக்கிப் பாய் விரித்துவிட்டு, ஜன்னல் மேடையிலிருந்த கண்ணாடி டப்பாவை எடுக்கக் கை நீட்டினாள். மகள் தென்றல் குறுக்கே வந்து நின்றாள்.

டப்பாவுக்குள் அவள் வளர்க்கும் டரான்டுலா சிலந்தி மல்லாந்து கிடந்தது. முழுதாக வளர்ந்தாலும் தீப்பெட்டிக்குள் அடங்கிவிடுகிற குள்ள இனம். கறுப்பு உடம்பில் பளிச்சென்று இருந்த ஆரஞ்சுப் பட்டைகள் பத்து நாளாக மங்கிப்போயிருந்தன.

"செத்துப்போச்சுடி அது. சாமி கும்பிட வர்றவங்க தங்குற ரூம்ல பொணத்த வச்சினு நிக்கிற."

"சாவலம்மா. சட்ட உரிக்குது. இப்ப அசச்சாதான் செத்துடும்."

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. மாலையில் அவள் போகும் டைப்ரைட்டிங் வகுப்பு நோட்டின் பின்பக்கத்தில், அது தின்ற நாள், தின்னாத நாள் எல்லாம் குறித்துவந்தாள். பதினெட்டு நாளாகப் பட்டினி. கால்கள் உள்ளே சுருண்டால் சாவு, விரிந்திருந்தால் தோலுரிப்பு என்று எங்கோ படித்திருந்தாள். ஏழு கால்கள் விரிந்திருந்தன. ஒன்று மட்டும் சற்றே மடங்கியிருந்தது. அதை எதில் சேர்ப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மா சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

"அக்கா, சாவு எடுப்பு எத்தினி மணிக்கு? மேளத்துக்கு நான் சொல்லிடட்டா?" என்றான் தம்பி அன்பரசன்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வருஷா வருஷம் வரும் ஆம்பூர்க் குடும்பம் பைகளோடு இறங்கியது.

"நவுருடி. ஜனங்க வந்துட்டாங்க."

"அவங்கள என் ரூம்ல தங்கச் சொல்லு. இது இன்னிக்கி கிடையாது."

"ஒரு பூச்சிக்காவா?"

"ஆமா. பூச்சிக்குத்தான்."

"செத்திருந்தா?"

"நானே பொதைக்கிறேன். அது தெரியற வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

அம்மாவையும் தம்பியையும் வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டாள். வெளியே மணியம்மாள் வந்தவர்களிடம், "பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லீங்க, உள்ள வாங்க" என்று சொல்வது கேட்டது.

"எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் தென்றல் கதவுக்குள்ளிருந்தே. "சிலந்தி சட்ட உரிக்குது. அதான் தொறக்கல."

வெளியே யாரோ சிரித்தார்கள். அம்மா கதவைத் தட்டினாள்.

தென்றல் டப்பாவின் பக்கம் குனிந்தாள். சிலந்தியின் தலைப்பக்கத்துத் தோல் மூடிபோல் விலகியிருந்தது. உள்ளே ஈரமாக, புத்தம்புது ஆரஞ்சு. மடங்கியிருந்த கால்தான் முதலில் அசைந்தது.

கதவு மறுபடி தட்டப்பட்டது. எட்டுக் கால்களையும் அது உருவி எடுக்கட்டும் என்று அவள் உட்கார்ந்திருந்தாள்.